லண்டனில் முதல் மியூசிக்கல்: பால்கனி என்றதும் மயங்கிவிடாதீர்கள்

அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து முதல்முறை லண்டன் வந்திருந்தபோது, ஊர் திரும்புவதற்குள் அவர்களை ஒரு மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டும் ஆட்டமுமாக மேடையில் நடக்கும் நாடகத்துக்கு, கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. டிக்கெட் தளத்தைத் திறந்தால் சீட் வரைபடம் நான்கு அடுக்காக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ‘பால்கனி’. இருப்பதிலேயே மலிவும் அதுதான். நான் தரை டிக்கெட்டுக்கும் பால்கனிக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்தவன். நம் ஊரில் பால்கனி என்றால் உசத்தி, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கழுத்து வலி. பால்கனியை இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே என்று, மறுபடி யோசிக்காமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வாசலில் டிக்கெட்டைப் பார்த்த ஊழியர், சரவிளக்கு தொங்கும் முன்வாசலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் இருந்த சின்னக் கதவைக் காட்டினார். உள்ளே வெறும் படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. மூன்றாவது திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “பழனிக்கே விஞ்ச் இருக்கேப்பா, இங்க ஒண்ணும் இல்லையா?” என்றார். மேலே போய் உட்கார்ந்தால், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு செங்குத்துச் சரிவு. பாதுகாப்புக்காகப் போட்டிருந்த இரும்புக் கம்பி சரியாக அம்மாவின் கண் மட்டத்தில். இரண்டரை மணி நேரமும் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் நடிகர்களின் உச்சந்தலையைத்தான்.

அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும் டிக்கெட் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். படிக்கவோ வேலைக்கோ பிள்ளைகளைப் பார்க்கவோ லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் படியை ஏறாமல் இருக்க, இதோ வரிசையாகச் சொல்கிறேன்.

1. யாரோடு போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

‘எது நல்ல மியூசிக்கல்?’ என்று தேட ஆரம்பித்தால் நாள் முழுக்கத் தேடலாம். கூட வருகிறவர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு பிடிபடும், எவ்வளவு நேரம் உட்கார முடியும், படி ஏற முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

லைசியம் தியேட்டரில் 1999 முதல் நடக்கும் லயன் கிங், கண்ணுக்கு விருந்து. வசனம் பாதி புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. லே மிசரபிள் அப்படியில்லை. பேச்சு வசனமே அனேகமாகக் கிடையாது, தொடக்கம் முதல் கடைசிவரை பாட்டு. இடைவேளையோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கதை தெரியாமல் போனால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும். ஹாமில்டன் அதைவிடச் சிரமம். அமெரிக்க வரலாற்றை ராப் வேகத்தில் சொல்கிறார்கள். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் ரசிக்கிறார்கள், அப்பா அம்மாவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதுவாக இருந்தாலும் முந்தின நாள் இரவு சாப்பிடும்போது கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். முடிவு உட்பட. தெருக்கூத்துக்கு யாரும் கதை தெரியாமல் போவதில்லையே.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. காது கேளாதவர்களுக்காகச் சில தேதிகளில் வசனத்தையும் பாட்டு வரிகளையும் மேடையோரத் திரையில் எழுத்தாக ஓட்டுவார்கள். கேப்ஷன் காட்சி என்று தளத்தில் போட்டிருக்கும். ஆங்கிலம் வாசிக்க வரும், இந்த ஊர் உச்சரிப்புதான் பிடிபடவில்லை என்பவர்களுக்கும் அது பெரிய உதவி. எல்லா சீட்டிலிருந்தும் அந்தத் திரை தெரியாது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான மியூசிக்கல்களுக்கு வாரத்தில் எட்டுக் காட்சி. மாலைக் காட்சி ஏழரை வாக்கில், மேட்னி இரண்டரை வாக்கில். மேட்னி தினமும் கிடையாது. புதன் அல்லது வியாழன், அப்புறம் சனிக்கிழமை என்றிருக்கும், சிலவற்றுக்கு ஞாயிறும் உண்டு. திங்கள் விடுமுறை விடும் தியேட்டர்களும் இருக்கின்றன. பெரியவர்களைக் கூட்டிப்போக வார நாள் மேட்னியைப் போல் வசதி வேறில்லை. விலை குறைவு, கூட்டம் குறைவு, வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடலாம்.

2. அடுக்குகளின் பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

என்னைக் கவிழ்த்தது இந்த இடம்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீழ்த்தளம் ‘ஸ்டால்ஸ்’. மேடைக்கு நேர் எதிரே, நம் ஊர்த் தரை டிக்கெட் இருக்கும் இடம். ஆனால் இங்கே விலை அதிகமானவற்றில் அதுவும் ஒன்று. அதற்கு மேலே முதல் மாடி, ‘டிரஸ் சர்க்கிள்’ அல்லது ‘ராயல் சர்க்கிள்’. இதன் முன்வரிசைகளும் விலை அதிகம். அதற்கும் மேலே ‘அப்பர் சர்க்கிள்’ அல்லது ‘கிராண்ட் சர்க்கிள்’. கிராண்ட் என்பதெல்லாம் பேருக்குத்தான், அது இரண்டாம் மாடி. அதற்கும் மேலே, கூரையைத் தொட்டுக்கொண்டு இருப்பதுதான் ‘பால்கனி’. எல்லா தியேட்டரிலும் பால்கனி கிடையாது. லைசியத்தில் ஸ்டால்ஸ், ராயல் சர்க்கிள், கிராண்ட் சர்க்கிள் என்று மூன்றோடு சரி. ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா நடக்கும் ஹிஸ் மெஜஸ்டீஸ் தியேட்டரில் நான்கு அடுக்கு.

சினிமாத் திரை பெரியது, பின்னால் போகப் போகக் கண்ணுக்கு நல்லது. இங்கே மேடையில் நிற்பது ஐந்தரை அடி மனிதர். உயரே போகப் போக அவர் சிறுத்துக்கொண்டே போவார். ஊர்க் கணக்கை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடங்களில் பலவும் நூறு வருடம் தாண்டியவை. ஹிஸ் மெஜஸ்டீஸ் 1897, லே மிசரபிள் நடக்கும் சோண்ட்ஹைம் 1907. அந்தக் காலத்தில் மலிவு டிக்கெட்காரர்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு வைத்துக் கட்டினார்கள். சில தியேட்டர்களில் இன்றைக்கும் மேல் அடுக்குக்கு அந்தப் பக்கவாட்டு வாசல்தான்.

படி ஏறச் சிரமம் என்றால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்டால்ஸ் கீழ்த்தளம் என்பதால் படியே இருக்காது என்று நினைக்காதீர்கள். பல தியேட்டர்களில் ஸ்டால்ஸ் தெரு மட்டத்துக்கும் கீழே, நிலவறை மாதிரி இருக்கும். தெரு மட்டத்துக்கு ஓரளவு சமமாக இருப்பது முதல் மாடி என்று சொல்லப்படும் டிரஸ் சர்க்கிள். ஒவ்வொரு தியேட்டர் தளத்திலும் அணுகல் வசதி பற்றித் தனிப் பக்கம் உண்டு. எந்த அடுக்குக்கு எத்தனை படி என்று எண்ணிக்கையோடு போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும். சக்கர நாற்காலி இடங்களுக்கும், துணைக்கு வருபவருக்கான சலுகைக்கும் தியேட்டரின் அணுகல் வசதிப் பிரிவையே கேட்க வேண்டும்.

அம்மாவை இரண்டாவது தடவை நான் கூட்டிப்போனது விக்டோரியா ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அப்பல்லோ விக்டோரியாவுக்கு. 1930இல் சினிமா தியேட்டராகக் கட்டப்பட்டது அது. ஸ்டால்ஸ், சர்க்கிள் என்று இரண்டே அடுக்கு. 2006 முதல் ‘விக்கெட்’ (Wicked) என்ற மியூசிக்கல் அங்கேதான் நடக்கிறது. அதற்கு முன்னால், 2002இல், நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த பாம்பே ட்ரீம்ஸ் அரங்கேறியதும் அதே மேடையில்தான். இதைச் சொன்னதும் அப்பா, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி கூரையை ஒரு சுற்று பார்த்தார்.

3. அந்த சீட்டிலிருந்து என்ன தெரியும் என்று பாருங்கள்

அடுக்கை முடிவு செய்தாயிற்று. ஆனால் ஒரே அடுக்கில், ஒரே விலையில் நல்ல சீட்டும் உண்டு, தண்டனையும் உண்டு.

சீட்பிளான் என்ற தளத்தில் தியேட்டர் பெயரையும் வரிசையையும் போட்டால், அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் எடுத்த படமும் குறிப்பும் வரும். பணம் கட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

தூண். மேல்மாடியைத் தாங்கும் தூண்கள் சில தியேட்டர்களில் பார்வையாளர் நடுவிலேயே நிற்கும். ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் ஏதோ ஒன்று மறைக்கிறது என்று அர்த்தம். தூணா, கம்பியா, பக்கவாட்டுக் கோணமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோணம் மட்டும்தான் என்றால் பாதி விலைக்கு அது நல்ல பேரம். தூண் என்றால் விட்டுவிடுங்கள்.

மேல்மாடியின் அடிப்பகுதி. ஸ்டால்ஸின் பின்வரிசைகளுக்கு மேலே டிரஸ் சர்க்கிள் கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். மேடை தெரியும், ஆனால் மேடையின் மேல்பாதி வெட்டுப்படும். ஃபேன்டமில் இது பெரிய நஷ்டம். அந்தக் கதையின் பெரிய சரவிளக்கு பார்வையாளர்களின் தலைக்கு மேலேதான் இருக்கிறது. பின் ஸ்டால்ஸில் உட்கார்ந்தால், எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்போது நீங்கள் மட்டும் சிமென்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கம்பி. மேல் அடுக்குகளின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி குறுக்கே வரும். முதல் வரிசை என்றதும் பாயாதீர்கள். குள்ளமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது சரியாகக் கண்ணில் நிற்கும். இரண்டாவது, மூன்றாவது வரிசை மேல்.

மேடை உயரம். ஸ்டால்ஸின் முதல் இரண்டு வரிசையில் சில தியேட்டர்களில் நடிகர்களின் கால் தெரியாது. அதனாலேயே அவை மலிவாகக் கிடைப்பதும் உண்டு. கழுத்து நன்றாக இருக்கும் வயதுக்காரர்கள் தாராளமாக எடுக்கலாம்.

லயன் கிங்குக்கு மட்டும் தனி விதி. தொடக்கத்திலேயே விலங்குகள் ஸ்டால்ஸின் நடைபாதை வழியாகத்தான் மேடைக்குப் போகும். நடைபாதையை ஒட்டிய ஸ்டால்ஸ் சீட் கிடைத்தால் யானை உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும். அதே சீட் வேறொரு மியூசிக்கலில் சாதாரண ஓர சீட்.

வரிசை எழுத்துகளிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் வரிசைக்கு ஏ என்றுதான் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் அதற்கு முன்னால் ஏஏ, பிபி என்று வரிசைகள் இருக்கும். வரைபடத்தைப் பார்த்து எண்ணுங்கள், எழுத்தை நம்பாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால்: கையில் காசு இருந்தால் டிரஸ் சர்க்கிளின் முன்வரிசைகள், நடுப்பகுதி. இல்லையென்றால் அப்பர் சர்க்கிளில் இரண்டு, மூன்றாம் வரிசை நடு. ஸ்டால்ஸின் கடைசி வரிசைகளைவிட அது மலிவாகவும் இருக்கும், மேடையும் முழுசாகத் தெரியும். பால்கனிக்கு நான் இனி தனியாகத்தான் போவேன்.

4. எங்கே வாங்குவது

தேடுபொறியில் மியூசிக்கல் பெயரைப் போட்டால் முதலில் வருவது விளம்பரங்கள். அந்த விளம்பரத்தைச் சொடுக்கி ஒரு தடவை நானும் வாங்கினேன். டிக்கெட் வந்தபிறகுதான் பார்த்தேன், அச்சிட்டிருந்த விலை 45 பவுண்டு, நான் கட்டியது 68. ஏமாற்று என்று சொல்ல முடியாது. மறுவிற்பனைத் தளம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். வாசிக்காதது என் குற்றம்.

ஆகவே மியூசிக்கலின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து தியேட்டரின் டிக்கெட் பக்கத்துக்குப் போங்கள். எந்தத் தளம் எது என்று குழப்பமாக இருந்தால் அஃபிஷியல் லண்டன் தியேட்டர் என்ற தளத்திலிருந்து தொடங்கலாம். லண்டன் தியேட்டர்களின் சங்கமே நடத்துவது அது. வேறு முகவரிடம் வாங்குவதாக இருந்தால் ஸ்டார் என்ற டிக்கெட் விற்பனையாளர் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் வாங்க நினைத்தால் லெஸ்டர் ஸ்கொயரின் தென்புறத்தில், மணிக்கூண்டு வைத்த தனிக் கட்டடத்தில் டிகேடிஎஸ் கவுன்ட்டர் இருக்கிறது. இதுவும் அதே சங்கத்தினுடையது. அன்றைய காட்சிக்கும் அடுத்த சில நாள் காட்சிகளுக்கும் மிச்சமிருக்கும் டிக்கெட்டுகளைத் தள்ளுபடியில் விற்பார்கள். என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். சுற்றிலும் ‘பாதி விலை’ என்று பலகை மாட்டிய வேறு கடைகளும் இருக்கும். சதுக்கத்துக்குள் தனியாக நிற்கும் அந்த மணிக்கூண்டுக் கட்டடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், எல்லாரும் பேசிக்கொள்ளும் பெரிய மியூசிக்கல் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தனியாக அல்லது இரண்டு பேராகப் போகிற மாணவர்களுக்கு டுடேடிக்ஸ் செயலி. அதில் பல மியூசிக்கல்களுக்கு அன்றைய டிக்கெட் காலை 10 மணிக்குத் திறக்கும். ரஷ் டிக்கெட் என்பார்கள். 25, 30 பவுண்டுக்கு சில சமயம் அற்புதமான சீட் கிடைக்கும். ஆனால் சீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான், ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒன்பதே முக்காலுக்கே உள்ளே நுழைந்து, அட்டை விவரத்தைச் சேமித்து வைத்துத் தயாராக இருங்கள். சிலவற்றுக்குக் குலுக்கல் முறையும் உண்டு. அப்பா அம்மாவோடு மூன்று பேராகப் போவதற்கு இதெல்லாம் ஒத்து வராது.

மாணவர் சலுகை டிக்கெட் எடுத்தால் கல்லூரி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். வாசலில் கேட்பார்கள்.

5. எவ்வளவு ஆகும், எப்போது எடுப்பது

விமான டிக்கெட் மாதிரிதான். அதே சீட் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை இரவு ஒரு விலை. பெரிய மியூசிக்கலுக்கு மேல் அடுக்கில் 25, 30 பவுண்டிலிருந்து தொடங்கும். உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கக்கூடிய சீட்டுக்கு ஆளுக்கு 60 முதல் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பவுண்டு என்றாலே நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய் பக்கம் வருகிறது. அதை அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது உத்தமம். ஸ்டால்ஸ் நடுவில் நல்ல இடங்கள் 150, 200 என்று போகும்.

பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் காலம், சனிக்கிழமை இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் அடங்கியபிறகு ஜனவரி, பிப்ரவரியில் வார நாள் டிக்கெட் இறங்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் வந்து இறங்கிய வாரத்தில் எடுக்காதீர்கள். தூக்கம் மாறியிருக்கும், ஏழரை மணிக் காட்சி அவர்கள் உடம்புக்கு நள்ளிரவு. என் சித்தப்பா முதல் பாட்டிலேயே குறட்டை விட்டார், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

டிக்கெட் விலைக்கு மேல் கட்டடப் பராமரிப்புக்கு என்று ஒரு சிறு தொகை, முன்பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை சேரலாம். இரண்டு தளங்களை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

6. பணம் கட்டும்போது

இந்திய வங்கி அட்டை என்றால் முதல் சிக்கல் இங்கேதான். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தி வைக்கப்பட்டே வரும். வங்கிச் செயலியில் நீங்களாகத் திறந்துவிட வேண்டும். ஓடிபி ஊர் எண்ணுக்குப் போகும். அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் பல அட்டைகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரூபாயில் கட்டுகிறீர்களா, பவுண்டிலா என்று தளம் கேட்டால் பவுண்டு என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள்.

ஊரிலிருந்தே எடுக்கிறவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். தளத்தில் இருப்பதெல்லாம் லண்டன் நேரம். காலை 10 மணி விற்பனை என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை.

பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் தேதி, காட்சி நேரம், அடுக்கின் பெயர், வரிசை, சீட் எண்கள் அடுத்தடுத்து இருக்கின்றனவா, இவ்வளவையும் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். மேட்னிக்கும் மாலைக்கும் மாற்றி எடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை நான் வாசலில் பார்த்திருக்கிறேன். வாங்கியபிறகு பணம் திரும்ப வராது. காட்சியே ரத்தானால்தான் வரும். சில தியேட்டர்கள் மட்டும் கூடுதல் கட்டணத்துக்கு வேறு தேதிக்கு மாற்றித் தருகின்றன. நீங்கள் பார்க்க நினைத்த நடிகர் அன்றைக்கு வராமல் மாற்று நடிகர் நடித்தாலும் பணம் திரும்பாது. என் அனுபவத்தில் மாற்று நடிகர்கள் ஒரு படி மேலாகவே உயிரைக் கொடுத்து நடிப்பார்கள்.

டிக்கெட் மின்னஞ்சலில் வரும். காட்சிக்குச் சில நாள் முன்னால்தான் அனுப்புவோம் என்று சில தளங்கள் சொல்லும், பதறாதீர்கள். வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பல தியேட்டர் வாசலில் சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கும். பாக்ஸ் ஆபிஸில், அதாவது தியேட்டரின் டிக்கெட் கவுன்ட்டரில், போய் வாங்கிக்கொள்வதாக எடுத்திருந்தால், பணம் கட்டிய அதே அட்டை, பதிவு எண், ஒரு அடையாள அட்டை மூன்றும் வேண்டும். தம்பி அட்டையில் எடுத்துவிட்டு அவரை பர்மிங்காமில் விட்டுவிட்டு வந்தால் கஷ்டம்.

7. குழந்தைகள்

மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. ஒவ்வொரு குழந்தைக்கும் டிக்கெட் வேண்டும். லயன் கிங்குக்கு 3 வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை, 6 வயது முதல்தான் ஏற்றது என்று அவர்களே சொல்கிறார்கள். மற்றவற்றுக்கும் இதே மாதிரி வயது வரம்பு தளத்தில் இருக்கும்.

கோடை விடுமுறையில், ஆகஸ்டை ஒட்டி, கிட்ஸ் வீக் என்று ஒன்று வரும். பெயர்தான் வாரம், நடப்பது ஒரு மாதத்துக்கு மேல். முழு விலை கொடுக்கும் பெரியவர் ஒருவருடன் 17 வயது வரை ஒரு பிள்ளைக்கு டிக்கெட் இலவசம், இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி விலை. விற்பனை ஜூன் மாதத்திலேயே திறந்துவிடும். ஆகஸ்டில் போய்த் தேடினால் மிச்சம் மீதிதான். குழந்தை உயரம் போதவில்லை என்றால் சீட்டில் போட மெத்தை தருவார்கள், உள்ளே நுழைந்ததுமே கேளுங்கள்.

8. காட்சி நாளன்று

அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள், வரிசை நிற்கும். பெரிய பெட்டிகளை உள்ளே விட மாட்டார்கள், ஆகவே விமான நிலையத்திலிருந்து நேரே வரும் திட்டம் வேண்டாம்.

தாமதமாகப் போனால் உடனே உள்ளே விட மாட்டார்கள். பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டும், சில சமயம் கால் மணி நேரம். லயன் கிங்குக்கு இப்படித் தாமதமானால் விலங்கு ஊர்வலமே போய்விடும்.

நான் தாமதமானது கோவென்ட் கார்டன் ஸ்டேஷனால். அங்கே பிளாட்பாரத்திலிருந்து மேலே வர லிஃப்ட்தான், எப்போதும் கூட்டம். பொறுமையில்லாமல் படி ஏறினேன். 193 படி, சுழல் படிக்கட்டு. எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறார்கள், நான்தான் மதிக்கவில்லை. லைசியம் போகிறவர்கள் லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கி நடந்து வாருங்கள், பத்து நிமிட நடைதான். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ரயிலில் போவது அநாவசியம்.

சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். இரவுக் காட்சி விடப் பத்தே கால் ஆகிவிடும், சர்க்கரை நோயாளிகளுக்கு அவ்வளவு நேரம் தாங்காது.

9. உள்ளே போனபிறகு

உடை பற்றிக் கவலை வேண்டாம். கோட்டு சூட்டுக்கு அவசியமில்லை, ஜீன்ஸில் வருகிறவர்களே அதிகம். அம்மா காட்டன் புடவையில் வந்தார், மேலே ஸ்வெட்டர். குளிர்காலத்தில் கனத்த கோட்டை வைக்க இடம் இருக்காது, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கால் நீட்டவும் இடம் குறைவு. உயரமானவர்கள் ஓர சீட் எடுங்கள்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலாம், நன்றாகவே தட்டலாம். விசில் வேண்டாம். கூடப் பாடவும் வேண்டாம். போனை அணைத்துவிடுங்கள். படம்பிடிப்பதைக் கண்டால் ஊழியர் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வந்து நிற்பார், சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தால் முன்னால் குனிந்து பார்க்காதீர்கள். நீங்கள் குனிந்தால் பின்வரிசை முழுக்க மறையும். முறுக்குப் பொட்டலத்தைக் கையில் எடுப்பதாக இருந்தால் இடைவேளையில் எடுங்கள். நிசப்தமான காட்சியில் அந்தக் காகிதச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

இடைவேளை 15, 20 நிமிடம்தான். பழைய கட்டடம், கழிப்பறைகள் குறைவு, பெண்கள் பக்கம் வரிசை மாடிப்படி வரை நிற்கும். விளக்கு எரிந்த உடனே எழுந்தால்தான் உண்டு. ஆண்கள் யாராவது போய் ஐஸ்கிரீம் வாங்கி வாருங்கள். சின்னக் கிண்ணம், நான்கைந்து பவுண்டு. கரண்டி இல்லையே என்று திரும்பப் போய்க் கேட்காதீர்கள், மூடிக்குள்ளேயே இருக்கும். மியூசிக்கலைப் பற்றிய படப் புத்தகம் வேண்டுமென்றால் ஆறிலிருந்து பத்து பவுண்டு வரை ஆகும். அன்றைக்கு யார் யார் நடிக்கிறார்கள் என்பதை வாசல் கூடத்தில் பலகையில் போட்டிருப்பார்கள், அது இலவசம்.

சீட் நிஜமாகவே மோசம் என்றால், தூண் மறைக்கிறது, டிக்கெட்டில் சொல்லவில்லை என்றால், காட்சி தொடங்குவதற்கு முன்பே ஊழியரிடம் சொல்லுங்கள். காலி இடம் இருந்தால் மாற்றி உட்கார வைப்பார்கள். முடிந்தபிறகு போய்ச் சொன்னால் வருத்தம் தெரிவிப்பதோடு சரி.

10. வீடு திரும்ப

கடைசிப் பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து நின்று தட்டுவார்கள். அதற்கப்புறம் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே ஸ்டேஷனை நோக்கி நடப்பார்கள். பெரியவர்கள் கூட இருந்தால் ஐந்து நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், சென்ட்ரல், பிக்காடிலி தடங்களில் விடிய விடிய ரயில் உண்டு, ஆகவே நார்தர்ன் தடத்தில் டூட்டிங் பக்கம் போகிறவர்களுக்குக் கவலையில்லை. ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் அது கிடையாது. காட்சி முடிந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காருவதற்கு முன் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துவிடுங்கள்.